நம் தெங்கிரிக்காக நாற்காலியில் அமர்வது யார்?

சிம்பாங் பூலாய்க்குக் கடல் கிடையாது. வடக்கே ஈப்போ, தெற்கே கோப்பெங், கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் சாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும் அவற்றைக் குடையும் கல்லுடைப்பு ஆலைகளும்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்றால் இங்கே மீன்தான். ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் லயத்து வாசலுக்கே மீன்காரர் வருவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பிறகும் ஹாரன் அடித்துக்கொண்டு வேன் வருகிறது. பின்கதவைத் திறந்தால் ஐஸ் பெட்டிகள். கெம்போங், செலார், நெத்திலி, இறால். நடுவில் துண்டு போடுவதற்காகக் கிடத்தியிருக்கும் தெங்கிரி. மற்ற மீனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்பவர்கள், தெங்கிரியை மட்டும் விலை கேட்ட பிறகே தொடுகிறார்கள். விசேஷம் என்றால் முழு மீன், மற்ற நாளில் "நாலு துண்டு போதும் அண்ணே."

அந்த நாலு துண்டின் எதிர்காலம் குறித்து முடிவெடுக்கும் உரிமை உள்ள ஓர் அமைப்பு, செஷல்ஸ் தீவுகளின் தலைநகரான விக்டோரியாவில் இருக்கிறது. அதன் பெயர் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் கீழ் அதற்கான ஒப்பந்தம் 1993 நவம்பரில் ரோம் நகரில் ஏற்கப்பட்டது. 1996 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994-லும் இந்தியா 1995-லும் ஒப்புதல் அளித்தன. மலேசியா 1998-இல் சேர்ந்தது. இன்று ஏறத்தாழ 30 உறுப்பினர்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்து கிடக்கும் கடலில் 16 வகை மீன்கள் இதன் பொறுப்பில் உள்ளன. மஞ்சள்துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, வரிச்சூரை போன்ற ஆழ்கடல் மீன்களோடு, நம் கரையோரத் தொங்கோல் வகைகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தெங்கிரியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வஞ்சிரம், இலங்கையில் அறுக்குளா என்று வாங்கப்படும் அதே மீன்.

வரைபடம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலகக் கடல்களை ஐ.நா. மீன்பிடிப் புள்ளிவிவரத்துக்காக எண் போட்டுப் பிரித்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி 51, கிழக்குப் பகுதி 57. இந்த இரண்டும் அவற்றை ஒட்டிய கடல்களும்தான் ஆணையத்தின் எல்லை. மலாக்கா நீரிணை 57-க்குள் வருகிறது. திரெங்கானு, கிளந்தான், பகாங் கரைகள் 71 என்ற பசிபிக் பகுதியில் சேர்கின்றன. அதாவது பங்கோர், லுமுட், பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், கோலா செப்பெத்தாங் என்று பேராக்கின் கரை முழுவதும் இந்த ஆணையத்தின் பக்கம். நம் மாநிலத்தில் இறங்கும் தெங்கிரியும் தொங்கோலும் விக்டோரியாவின் கணக்கேட்டில் ஏறும் மீன்கள்.

அந்த மேசையில் மலேசியாவுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. ஒன்றுதான். ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒவ்வோர் உறுப்பினரும் கூட்டத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவருக்குத் துணையாக ஒரு மாற்றுப் பிரதிநிதியும் நிபுணர்களும் ஆலோசகர்களும் வரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. பிரதிநிதியின் இடத்தில் அமர முறையாக அதிகாரம் பெற்ற மாற்றுப் பிரதிநிதிக்கு மட்டும் விலக்கு. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. சீனாவுக்கும் ஒன்று, மாலைத்தீவுக்கும் ஒன்று, மலேசியாவுக்கும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்குமாக ஒரே நாற்காலியில் அமர்கிறது. பிரான்ஸ் தன் தீவுப் பகுதிகளின் பேரில் தனியாக இன்னொன்றை வைத்திருக்கிறது. பெரிய சூரைக் கப்பல் படை வைத்திருக்கும் தைவானுக்கு நாற்காலியே இல்லை. ஐ.நா. அமைப்பின் கீழ் உள்ள ஆணையம் என்பதால் அது உறுப்பினராக முடியாது. அதன் அதிகாரிகள் 'அழைக்கப்பட்ட நிபுணர்கள்' என்ற பெயரில் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த நாற்காலியில் யார் அமர வேண்டும் என்பதைப் பற்றி ஒப்பந்தம் எதுவும் சொல்வதில்லை. படிப்பு, அனுபவம், பதவிக்காலம், தேர்வு முறை, மீனவரா அதிகாரியா எதுவும் இல்லை. அது முழுக்க அந்தந்த அரசின் விருப்பம். ஆணையம் கேட்பது ஒரே ஒரு கடிதத்தை. கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு நாடும் அங்கீகாரக் கடிதம் அனுப்ப வேண்டும். அரசின் முத்திரைத் தாள்; செயலாளருக்கு முகவரி; இன்ன ஊரில் இன்ன தேதியில் நடக்கும் கூட்டத்துக்கு எங்கள் தூதுக்குழு இது என்று ஒரு வாக்கியம்; முதல் வரியில் குழுத் தலைவரின் பெயரும் பதவியும்; அதன் கீழே மாற்றுப் பிரதிநிதி, நிபுணர்கள், ஆலோசகர்கள்; கடைசியில் அமைச்சரோ அதற்கு அதிகாரம் பெற்றவரோ போட்ட கையெழுத்து. ஒரே பக்கம். ஒரு நாட்டின் கடல் வளத்துக்கு வாக்களிக்கும் உரிமை அந்த ஒரு பக்கத்தில்தான் கைமாறுகிறது.

மலேசியாவில் அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் தொடங்கலாம். வெளிநாட்டு உறவும் ஒப்பந்தங்களும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளன. கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் அதே பட்டியலில்தான். ஆற்று மீனும் ஆமையும் மாநிலத்துக்கு. ஆகவே சிம்பாங் பூலாய் வழியாக ஓடும் ராயா ஆற்றில் ஒருவர் தூண்டில் போட்டால் அது ஈப்போவில் அமர்ந்திருக்கும் மாநில அரசின் விவகாரம். லுமுட்டில் இறங்கும் மீன் புத்ராஜெயாவின் விவகாரம். பேராக் மாநில அரசுக்கு இந்த ஆணையத்தில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை.

புத்ராஜெயாவிலும் முடிவு நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை. நம் நாட்டில் ஓர் அனைத்துலக ஒப்பந்தத்தில் சேருவதும் விலகுவதும் அமைச்சரவையின் அதிகாரம். உள்நாட்டுச் சட்டம் மாற வேண்டி வந்தால் மட்டுமே நாடாளுமன்றத்தின் கதவு தட்டப்படும். ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகு ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் அனுப்புவது வெறும் நிர்வாக வேலையாகிவிடுகிறது. வேளாண்மை, உணவு உத்தரவாத அமைச்சின் கீழ் இருக்கும் மீன்வளத் துறைதான் ஆணையத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் படகு உரிமத்தைப் பற்றிப் பேசுகிறது, வலையைப் பற்றிப் பேசுகிறது, வெளிநாட்டுக் கப்பல்களைப் பற்றி விரிவாகவே பேசுகிறது. இப்படிப்பட்ட ஆணையத்துக்கு யார் போக வேண்டும், யாரைக் கலந்து போக வேண்டும், வந்து யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சொல்லும் பிரிவு அதில் இல்லை.

ஆணையம் தன் ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்தின் அறிக்கையையும் பொதுவில் வெளியிடுகிறது. அதன் பின்னிணைப்பில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். மலேசியாவுக்கு நேராக இருப்பவை பெரும்பாலும் மீன்வளத் துறை அதிகாரிகளின் பெயர்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. புள்ளிவிவரம், கப்பல் கண்காணிப்பு, துறைமுகச் சோதனை எல்லாம் தெரிந்தவர்கள் வேண்டும்தான். என் கவலை வேறு. அவர்கள் போகும் முன் பங்கோர் மீனவருக்குத் தெரிவதில்லை. வந்த பின் பாகான் டத்தோ மீனவருக்குத் தெரிவதில்லை. நாட்டின் பேரில் ஒருவர் கை தூக்கியிருக்கிறார், அந்தக் கை எந்தப் பக்கம் தூக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கமே நமக்கு வரவில்லை.

அந்தக் கைக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மீன்வளத்தைக் காக்கும் ஒரு தீர்மானத்தை, வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். பிடிக்காத நாடு 120 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் அந்த நாட்டை மட்டும் அது கட்டுப்படுத்தாது. ஆட்சேபித்தவர்கள் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், ஏற்றுக்கொண்ட நாடுகளும் விடுபட்டுவிடும். இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்த நாட்டுக்கு, ஆணையம் மனம் இரங்கினால் ஒழிய, வாக்கே கிடையாது.

இது ஏட்டளவில் நிற்கும் விதி இல்லை. 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசாவில் நடந்த சிறப்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சுருக்குவலைக் கப்பல்கள் கடலில் மிதவைகளை விட்டுவிடுகின்றன. நிழல் தேடும் மீன்கள் அதன் கீழே கூடுகின்றன. சூரைக் குஞ்சுகளும் சுறாக்களும் கூடச் சேர்ந்து சிக்குகின்றன. இந்த மிதவைகளைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தை இந்தோனேசியா முன்வைத்தது. இந்தியாவும் இலங்கையும் மாலைத்தீவும் உள்ளிட்ட கரையோர நாடுகள் கூட நின்றன. வாக்கெடுப்பில் தீர்மானம் வென்றது. கரையோர நாடுகளின் பெரிய வெற்றி என்று செய்திகள் வந்தன. அதற்குப் பிந்திய மாதங்களில் ஆட்சேபக் கடிதங்கள் ஒவ்வொன்றாக விக்டோரியாவுக்கு வந்து சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் எழுதியது. மூன்றில் ஒரு பங்கு தாண்டியது. அறையில் கை தூக்கி வென்ற தீர்மானம் அஞ்சலில் வந்த காகிதங்களால் உயிரிழந்தது. கூட்டத்துக்குப் போனவர் யார் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. திரும்பி வந்த பின் அந்த 120 நாட்களில் அமைச்சு என்ன எழுதியது, எழுதாமல் விட்டது என்றும் கேட்க வேண்டும்.

ஆட்சேபம் பெரிய நாடுகளின் ஆயுதம் மட்டும் இல்லை. மஞ்சள்துடுப்புச் சூரையின் பிடிப்பைக் குறைக்க 2021-இல் வந்த தீர்மானத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, ஈரான், ஓமான், மடகாஸ்கர், சோமாலியா ஆகியவை ஆட்சேபம் தெரிவித்தன. சிறு படகுகளை நம்பி வாழும் நாடுகளும் தொழிற்சாலைக் கப்பல் நாடுகளும் ஒரே தராசில் நிறுக்கப்படக் கூடாது என்பது கரையோர நாடுகளின் நெடுநாள் வாதம். எந்த நாட்டுக்கு எவ்வளவு மீன் என்று பங்கு பிரிக்கும் சூத்திரத்துக்காகத் தனிக் குழு 2011 முதல் கூடிக்கொண்டிருக்கிறது. இன்று கடலில் இல்லாத நாட்டின் நாளைய பங்கு அந்தச் சூத்திரத்தில் ஒளிந்திருக்கிறது. அதைப் பேசி வாங்க வேண்டியவர் நம் ஒற்றை நாற்காலிக்காரர்.

பேசத் தெரியாமலோ கேட்டதைச் செய்யாமலோ இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையே சாட்சி. ஆணைய விதிகளின்படி தன் ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கவில்லை என்று சொல்லி, 2014 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியிலிருந்து இலங்கை மீன் ஐரோப்பியச் சந்தைக்குள் போக முடியவில்லை. கொழும்பு அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016-இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அடி வாங்கியது சூரை பிடித்து விற்ற மீனவக் குடும்பங்கள். அவர்களில் யாரும் எந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கவில்லை.

பிற இடங்களில் இந்த நாற்காலியை எப்படி நிரப்புகிறார்கள் என்று பார்த்தால், நம்மிடம் இல்லாதது என்ன என்று விளங்கும். அமெரிக்காவும் கனடாவும் 1923-இல் ஹாலிபட் என்ற ஒரே ஒரு தட்டை மீனுக்காக ஓர் ஆணையம் அமைத்தன. நாட்டுக்கு மூவர், மொத்தம் ஆறு ஆணையர்கள். அமெரிக்கத் தரப்பு மூவரையும் அதிபர் நியமிக்கிறார். ஆனால் அவர் நினைத்தவரை எல்லாம் நியமித்துவிட முடியாது. ஒருவர் கடல்வளத் துறையின் அதிகாரி. மற்ற இருவரில் ஒருவர் அலாஸ்காவில் வசிப்பவர், இன்னொருவர் அலாஸ்காவுக்கு வெளியே இருப்பவர் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மீன் அதிகம் கிடைக்கும் மாநிலத்தின் குரலும், அந்த மீனைத் தேடி வெளியிலிருந்து வருபவர்களின் குரலும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஊதியமும் கிடையாது.

அட்லாண்டிக் சூரை ஆணையத்துக்கும் அமெரிக்கா மூவரை அனுப்புகிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த மூவரில் ஒருவர்தான் அரசுச் சம்பளம் வாங்குபவராக இருக்கலாம். வணிக மீன்பிடிப்பு அறிந்தவர் ஒருவர், பொழுதுபோக்கு மீன்பிடிப்பு அறிந்தவர் ஒருவர் கட்டாயம். திமிங்கில ஆணையத்தின் 1946-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் நாட்டுக்கு ஓர் ஆணையர், ஒரு வாக்கு என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கே ஆணையர் என்பவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டு, கூட்டம் இல்லாத நாட்களிலும் அந்தப் பொறுப்பில் இருப்பவர். நம் வட்டாரத்திலேயே 1967-இல் தொடங்கிய தென்கிழக்காசிய மீன்வள மேம்பாட்டு மையத்தில் ஒவ்வோர் அரசும் தன் பேரில் ஓர் இயக்குநரை மன்றத்துக்கு நியமிக்கிறது. அந்த மையத்தின் கடல்வளப் பிரிவு 1992 முதல் கோல திரெங்கானுவின் செண்டெரிங்கில் இயங்குகிறது. நம் நாட்டுக்கு இந்த முறை புதிதும் இல்லை, அந்நியமும் இல்லை.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. தொழில்துறை ஆட்களை உள்ளே விடுவதிலும் ஆபத்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழுவில் கப்பல் நிறுவனங்களின் ஆட்கள் ஆலோசகர்கள் என்ற பேரில் நிறைந்திருக்கிறார்கள் என்று ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்புகளே குற்றம் சாட்டி வருகின்றன. பணம் உள்ளவன் விமானச் சீட்டு வாங்கிக்கொண்டு வருவான், சிறு படகுக்காரன் வரமாட்டான். மலேசியாவிலும் அதே நிலை வர வெகு நேரம் ஆகாது. நம் கொடி பறக்கும் ஆழ்கடல் சூரைக் கப்பல்கள் மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வரை போய் மீன் இறக்குகின்றன. அவற்றின் முதலாளிகளுக்கு அமைச்சில் கதவு திறப்பது கடினமாக இருக்காது. மலாக்கா நீரிணையில் புக்காட் ஹன்யுட் எனும் மிதப்பு வலையைப் போட்டுத் தெங்கிரிக்காக இரவெல்லாம் காத்திருப்பவருக்கு அந்தக் கதவு எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாது. இருவரும் மலேசிய மீனவர்கள்தான். நாற்காலி ஒன்று என்பதால், யார் சொல் அங்கே போய்ச் சேருகிறது என்பதை எழுதி வைக்காவிட்டால் வசதி உள்ளவர் சொல்லே போய்ச் சேரும்.

இந்தியாவிலும் இதே இடைவெளி இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மூலையில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை உள்ள தூத்தூர் வட்டார ஊர்கள், தூண்டிலோடு அரபிக் கடலின் நடுப்பகுதி வரை போகும் மீனவர்களைப் பெற்றவை. சுறாவும் சூரையும் பிடிக்க நாட்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். தியேகோ கார்சியா தீவைச் சுற்றிய கடலில் நுழைந்ததாகப் பிடிபட்டு வழக்குகளைச் சந்தித்தவர்களும் அவர்களில் உண்டு. 2017-இல் ஓகி புயல் அவர்களைத்தான் சூறையாடியது. ஆணையம் விவாதிக்கும் மீனும் கடலும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. இந்தியாவின் அரசியலமைப்பிலோ கரைக்கு அண்மைக் கடலின் மீன்பிடிப்பு மாநிலத்துக்கு, அதற்கு அப்பால் மத்திய அரசுக்கு. ஆணையத்துக்குப் போவது டில்லி அதிகாரிகள். 2019-இல் ஆணையத்தின் ஆண்டுக் கூட்டம் ஹைதராபாத்திலேயே நடந்தது. கடலே இல்லாத நகரம். தூத்தூர்க்காரர்கள் ரயிலேறிப் போகக்கூடிய தூரத்தில் தங்கள் வலையின் விதி பேசப்பட்டது.

நமக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வந்து போனது. கரையோரச் சூரை வகைகளையும் தெங்கிரியையும் ஆராய ஆணையம் அமைத்த செயற்குழு முதன்முதலாக 2011 நவம்பரில் சென்னையில் கூடியது. இரண்டாவது கூட்டம் 2012 நவம்பரில் பினாங்கில். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். தமிழர்கள் வாழும் இரண்டு துறைமுக நகரங்களில் அடுத்தடுத்து, நம் சட்டியில் கொதிக்கும் மீனைப் பற்றியே பேசினார்கள். தமிழில் அதைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கட்டுரையும் என் கண்ணில் படவில்லை. அந்தச் செயற்குழுவின் அறிவியலாளர்கள் தெங்கிரி குறித்தும் தொங்கோல் குறித்தும் பல ஆண்டுகளாகக் கவலை தெரிவித்து வருகிறார்கள். ஆணையத்தின் கடுமையான கட்டுப்பாடுகளோ பெரும்பாலும் டின்னில் அடைபட்டு ஐரோப்பாவுக்கும், பச்சையாக வெட்டி ஜப்பானுக்கும் போகும் ஆழ்கடல் சூரைகளைச் சுற்றியே வந்திருக்கின்றன. பணக்கார நாடுகள் தின்னும் மீனுக்குத்தான் மேசையில் முதலிடம். ஏழைக் கரையோர நாடுகளின் பிரதிநிதிகள் விடாமல் கேட்டால் ஒழிய இது மாறாது.

அப்படிக் கேட்கத் தேவையான அறிவு பேராக்கிலேயே இருக்கிறது. சித்தியவானுக்கு அருகில் கம்போங் ஆச்சேயில் மீன்வளத் துறையின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. ஆணையத்தின் செயற்குழுக்களுக்கு மலேசியா கொடுத்த ஆய்வுக் கட்டுரைகளில் இந்த முகவரியைப் பார்க்கலாம். துறைமுகத்தில் இறங்கும் மீனை அளந்து, எடை போட்டு, எந்த வலையில் எத்தனை வந்தது என்று கணக்கெடுக்கும் வேலை அவர்களுடையது. லுமுட்டில் ஒரு மீனின் நீளம் அளக்கப்பட்டால் அந்த எண் விக்டோரியா வரை பயணம் செய்கிறது. அதைப் பிடித்தவரின் வார்த்தை மட்டும் லுமுட்டிலேயே நின்றுவிடுகிறது. தெங்கிரி முன்பு எந்த மாதத்தில் வந்தது, இப்போது எப்போது வருகிறது, எந்தக் கண்ணியளவு வலையில் குஞ்சு சிக்குகிறது என்பதை நாற்பது ஆண்டு கடலோடியவர் அளவுகோல் இல்லாமல் சொல்வார். அது ஆணையத்துக்குத் தேவையில்லாத தகவலா?

இந்த இடைவெளியை அடைக்கப் புதிதாக ஓர் அமைப்பைக் கட்ட வேண்டியதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்திலும் மீனவர் சங்கம் இருக்கிறது. பி.என்.கே. என்று கரையோரத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். அவற்றுக்கு மேலே தேசிய அளவில் நெக்மாட் இருக்கிறது. மானிய எண்ணெய்க்கும் உதவித்தொகைக்கும் அந்தச் சங்கங்களை அரசு பயன்படுத்துகிறது. அனைத்துலகக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் அவற்றை அழைத்து, இந்த ஆண்டு மேசைக்கு வரும் தீர்மானங்கள் இவை, நம் நிலைப்பாடு இது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பதற்கு என்ன தடை? உறுப்பு நாடுகள் முன்வைக்கும் தீர்மான வரைவுகளைக் கூட்டத்துக்கு முன்பே ஆணையம் தன் இணையத்தளத்தில் போட்டுவிடுகிறது. மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதினால் போதும். வளரும் நாடுகளின் பிரதிநிதிகள் வந்துபோக ஆணையமே 2010-இல் ஒரு பயண நிதியையும் ஏற்படுத்தியது.

அதிகாரிகள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. பேச்சுவார்த்தை என்றால் கையில் இருக்கும் சீட்டை முன்கூட்டியே காட்ட முடியாது. எல்லாவற்றையும் பகிரங்கப்படுத்தினால் எதிர்த் தரப்பு அதைப் பயன்படுத்திக்கொள்ளும். உண்மைதான். ஆனால் குழுத் தலைவர் யார் என்பது இரகசியம் இல்லை. எப்படியும் அறிக்கையின் பின்னிணைப்பில் வரப்போகிறது. கூட்டம் முடிந்த பின் எதற்கு வாக்களித்தோம், எதற்கு ஆட்சேபம் எழுதினோம் என்பதும் இரகசியமாக இருக்கத் தேவையில்லை. பேரம் பேசும் உத்தியை மறைக்கலாம், முடிவை மறைக்க நியாயம் இல்லை. நம் வரிப்பணத்தில் செலுத்தப்படும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தச் சந்தாவின் ஒரு பகுதி நாட்டின் வருமானத்தையும், இன்னொரு பகுதி பிடிக்கும் மீனின் அளவையும் வைத்தே கணக்கிடப்படுகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். பங்கோரிலும் பாகான் டத்தோ கரையிலும் நம்மவர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பங்கோரின் சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்தபடி பத்ரகாளியம்மன் கோயில் நிற்கிறது; மாசி மகத்துக்கு மாநிலமெங்கும் இருந்து சனம் படகேறிப் போகிறது. அதோடு, மீன் பிடிப்பவருக்கு மட்டுமே மீனைப் பற்றிப் பேச உரிமை என்று யார் சொன்னது? தோட்டத்து லயத்தில் பிறந்து, ஈப்போ தொழிற்பேட்டையில் வேலை செய்து, மாதச் சம்பளத்தில் தெங்கிரித் துண்டை எண்ணி வாங்கும் குடும்பத்துக்கும் அந்தக் கடலில் பங்கு இருக்கிறது. ரப்பர் விலையை இலண்டனிலும் சிங்கப்பூரிலும் யாரோ முடிவு செய்தார்கள். வெட்டியவரிடம் எவரும் கேட்கவில்லை. அந்த வரலாற்றைச் சுமந்து வந்த நம் சமூகம், இன்னொரு பொருளின் விதி தொலைதூர மேசையில் எழுதப்படும்போது வாய்மூடி இருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். மீன்வளச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர வேண்டும். அனைத்துலக மீன்பிடி ஆணையங்களுக்கு நாட்டின் பிரதிநிதியையும் மாற்றுப் பிரதிநிதியையும் அமைச்சர் பெயர் சொல்லி, குறிப்பிட்ட காலத்துக்கு, அரசு இதழில் அறிவித்து நியமிக்க வேண்டும். ஆலோசகர்களில் மேற்குக்கரைச் சிறு மீனவர் சங்கங்கள் தேர்ந்தெடுத்த ஒருவராவது இருக்க வேண்டும், அவர் செலவை அரசு ஏற்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வாக்குகளும் ஆட்சேபங்களும் அடங்கிய அறிக்கை மக்களவையின் மேசைக்கு வர வேண்டும். அதிகாரிகளின் கைகளைக் கட்டிப்போட இதில் ஒன்றும் இல்லை. உண்மையில் அவர்களுக்கு இது பலம். பின்னால் மீனவர் சங்கமும் நாடாளுமன்றமும் நிற்கும் பிரதிநிதியின் சொல், ஒற்றைக் கடிதத்தோடு வந்தவரின் சொல்லைவிட அறையில் எடுபடும்.

சிம்பாங் பூலாய் சட்டமன்றத் தொகுதி, கோப்பெங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. மக்களவையில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லி உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள். இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையத்தின் கடந்த கூட்டத்துக்கு மலேசியாவின் குழுத் தலைவராகப் போனவர் யார், அவரை நியமித்தவர் யார், எந்த மீனவர் சங்கத்தைக் கலந்து போனார், தெங்கிரி குறித்து என்ன பேசினார் என்று அமைச்சர் எழுத்தில் பதில் தரட்டும். லுமுட், பாகான் டத்தோ வட்டாரங்களில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.